இந்தோனேசியாவில் நோன்பு மாதத்துக்கு நிறுவனத்தை ஆயத்தப்படுத்துவது எப்படி?

முதலில் ஒதுக்க வேண்டியது 'தே-ஹா-எர்' எனப்படும் பெருநாள் கொடைப்பணம். ஓராண்டு பணி முடித்தவருக்கு ஒரு மாத ஊதியத்தையும், அதற்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு மாதக் கணக்குப்படி உரிய பங்கையும், பெருநாளுக்கு 7 நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தொழிலாளர் அமைச்சக விதி கூறுகிறது. மாதம் 48 லட்சம் ரூபியா பெறுபவர் சேர்ந்து 5 மாதமே ஆகியிருந்தால், 12ஆல் வகுத்து 5ஆல் பெருக்க, 20 லட்சம் ரூபியா வரும். தாமதித்தால் 5 சதவீத அபராதம் உண்டு. ஆனால் கைக்காசில்லாமல் சொந்த ஊருக்குப் புறப்படும் தொழிலாளியின் மனக்கசப்பு அதைவிடப் பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

கிறிஸ்தவ, இந்து ஊழியர்களுக்கு அவரவர் திருநாளை ஒட்டி இதை வழங்குவதே விதியின் நோக்கம். ஆகவே ஊதிய மென்பொருளில் ஒவ்வொருவரின் திருநாளையும் தனித்தனியே பதிந்து வையுங்கள்.

நோன்பு நாட்களில் முக்கியக் கூட்டங்களைக் காலையிலேயே முடித்து, நோன்பு திறக்கும் நேரத்துக்குள் ஊழியர்கள் வீடு சேர வழிவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் எதையும் வைக்காதீர்கள். 'முடிக்' எனப்படும் ஊர்ப்பயண வாரத்தில் சர்வர் மாற்றம் கூடாது. கடையில் 'க்ரிஸ்' எனப்படும் இந்தோனேசியப் பொது கியூஆர் கட்டண முறை தடையின்றி இயங்குகிறதா என்பதை அதற்கு முன்பே, ஒரு சிறு தொகையைச் செலுத்திப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.