விளக்கடியில் வளர்ந்த சர்ரசீனியாவை வெயிலுக்குப் பழக்குவது எப்படி?

குடுவை போன்ற இலைகளால் பூச்சி பிடிக்கும் வட அமெரிக்கச் சதுப்புநிலக் குடுவைச் செடியான சர்ரசீனியாவின் நாற்றுகளைக் குளிர்காலம் முழுக்க எல்இடி விளக்குக்கு 15–20 செ.மீ. கீழே, தினம் 16 மணி நேரம் வைத்தால் விறுவிறுவென வளரும். மண் வேண்டாம், உரம் கலக்காத பீட் மாஸும் (சதுப்புநிலப் பாசி மட்கு) பெர்லைட்டும் (எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த வெண்துகள்) சம அளவு. தட்டில் எப்போதும் 2 செ.மீ. மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ நிற்கட்டும். குழாய்நீரின் உப்பு சேரச்சேர வேர் கருகும்.

வசந்தத்தில் கடைசி உறைபனி கழிந்தபின் வெளியே எடுங்கள். அவசரம் மட்டும் கூடாது. விளக்கடி இலைகள் மெல்லியவை, புற ஊதாக் கதிரையும் காற்றையும் அறியாதவை. நேரே வெயிலில் வைத்தால் ஓரிரு நாளில் வெளுத்துப் பழுப்பாகித் தீய்ந்துவிடும். முதல் 4 நாள் நிழல், பிறகு காலை வெயில் 1 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். பழைய குடுவைகளின் நுனி கருகினாலும் வெட்டாதீர்கள், பச்சை மிச்சமிருக்கும்வரை அவைதான் செடிக்குச் சோறு போடுகின்றன. வெளியில் முளைத்த புதுக் குடுவை தடித்து விறைப்பாக நிமிர்ந்தால், முழு வெயிலுக்கு மாற்றலாம்.