மொறிஸ் மைனர் 1098: வன்னி றோட்டுக்கு எஞ்சின் கட்டும் முறை

"கொஞ்சம் கூட இழுக்கிற மாதிரிக் கட்டித் தாங்கோ" என்று கேட்பவர் மனதில் இருப்பது அனேகமாக இரட்டைக் காபரேற்றரும் றேஸ் கேமும்தான் (கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு). அந்தக் காசை லேத் கடையில் கொடுங்கள். மொறிஸ் மைனர் காரின் இந்த 1098 சிசி எஞ்சினில் கிராங் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) மூன்றே மெயின் பேரிங்கில் ஓடுகிறது, ஸ்ற்றோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) 83.72 மி.மீ. நிமிடத்துக்கு 5500 சுற்றுக்கு மேல் விட்டால் கிராங் நெளியத் தொடங்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஆள் நிறைய ஏற்றி மத்தியான வெயிலில் போகத் தேவை, குறைந்த வேகத்தில் இழுவையும் சூடேறாத உடம்பும்.

பழைய வன்னிக் கார் என்றால் முதலில் மண்ணெண்ணெயைச் சந்தேகியுங்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் இவை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் (அடியிலுள்ள ஒயில் தொட்டிக்குள்) இறங்கி, ஒயிலையும் நீர்க்கவைக்கும். போர் (சிலிண்டரின் உள்துளை) ஒவ்வொன்றையும் மேல், நடு, கீழ் என்று குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்மானம் 0.005 அங்குலத்தைத் தாண்டினால் றிங் மட்டும் மாற்றுவது வீண்செலவு. 0.020 அங்குல ஓவர்சைஸுக்குத் துளையைப் பெருப்பித்து அடித்தால் போர் 64.58இலிருந்து 65.09 மி.மீ. ஆகும், எஞ்சின் 1114 சிசி. பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போர் அடிக்கக் கொடுங்கள். பெட்டியில் எழுதிய அளவை நம்பி முன்கூட்டியே அடித்தால், பிறகு ஒன்று தட்டும், இல்லாவிட்டால் இறுகும்.

புளொக்கின் கோர் பிளக்குகளை (தண்ணீர் ஓடும் வழியை அடைக்கும் தகட்டு மூடிகளை) கழற்றி, 4ஆம் சிலிண்டரின் பின்பக்கத்தைக் கம்பியால் கிளறுங்கள். துருவும் சுண்ணாம்பும் அங்கேதான் தேங்கும். நமது கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்கு ஊற்றி வந்த வண்டியில் அது கல்லாகவே இருக்கும். இதை விட்டுவிட்டு றேடியேற்றரை மட்டும் மாற்றியவர்கள், சூடு ஏன் குறையவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கட்டி முடிந்ததும் கூலன்ற், அல்லது துருத்தடுப்பு மருந்து கலந்த மழைத்தண்ணீர்.

உண்மையான ஆதாயம் ஹெட்டில். நமது பெற்றோல் செட்டுகளில் 92 ஒக்ரேன்தான் நிச்சயம் கிடைக்கும். ஆகவே கொம்பிரஷன் (கலவையை அமுக்கும் விகிதம்) 9:1க்கு மேல் வேண்டாம். 0.020 போரில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 278.6 சிசி. 9:1 வர அதை 8ஆல் (9இல் ஒன்று கழித்து) பிரித்தால் 34.8 சிசி. ஹெட் குழி, காஸ்கெற் தடிப்பு, பிஸ்டன் தலைக்குழி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் எல்லாம் சேர்த்து இதற்குக் குறையக் கூடாது. வால்வும் பிளக்கும் போட்டு, துளையிட்ட பேர்ஸ்பெக்ஸ் தகட்டைக் கிறீஸில் ஒட்டி, ஊசிச் சிறிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு நான்கு குழிகளையும் அளந்து சமப்படுத்துங்கள். அளக்காமல் "ஒரு சீவல் சீவித் தாங்கோ" என்றால் ஏற்றத்தில் நொக்கிங் (கலவை தாறுமாறாக எரியும் தட்டல்) கேட்கும். பிறகு பிஸ்டன் போகும்.

2002இல் இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றுவிட்டது, வால்வ் சீற்றுக்கு (வால்வ் அமரும் விளிம்புக்கு) ஈயத்தின் காப்பு இனி இல்லை. எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடின சீற் இறக்காவிட்டால் வால்வ் மெல்ல மெல்ல உள்ளே அமிழும். ரப்பெற் (வால்வைத் திறக்கும் பாகத்தின் இடைவெளி) சத்தம் தானாகக் குறைந்தால் மகிழாதீர்கள். இடைவெளி மூடி வால்வ் கருகப் போகிறது.

பூட்டும்போது றிங் இடைவெளி 0.008 முதல் 0.012 அங்குலம். டோர்க் (இறுக்கும் அளவு): மெயின் 60, பிக் எண்ட் 35, ஹெட் நட் 40 இறாத்தல்-அடி. ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் இறுக்குங்கள். ரப்பெற் 0.012 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கையில்: சரிசெய்யும் வால்வ் எண்ணும் முழுதாகத் திறந்த வால்வின் எண்ணும் கூட்டினால் 9 வரவேண்டும். 1ஐச் சரிசெய்ய 8 திறந்திருக்கட்டும், 3க்கு 6, இப்படியே. பொயின்ற் இடைவெளி 0.015, பிளக் இடைவெளி 0.025 அங்குலம், சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2.

ஒயில் 20டபிள்யூ-50. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் பிரஷர் காட்டும்வரை ஸ்ராட்டரில் சுற்றுங்கள். எஞ்சின் பிடித்ததும் ஐட்லில் விடவே கூடாது. புதுக் கேம் என்றால் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 20 நிமிடம். ஐட்லில் விட்டால் கேமின் முனை தேயும். எயார் பில்ற்றர் இல்லாமல் கிரவல் ஒழுங்கையில் ஒரு தடவைகூட ஓட்ட வேண்டாம். செம்புழுதிக்கு றிங் தாங்காது. 500 கிலோமீற்றரில் ஒயிலையும் பில்ற்றரையும் மாற்றி, குளிர்ந்த எஞ்சினில் ஹெட்டை மறுபடி இறுக்கி, அதன் பிறகே ரப்பெற்றைப் பாருங்கள். ஹெட் இறுக்கினால் அந்த இடைவெளி மாறும்.