கதவுச் சத்தத்துக்கு ஒயில் விட முதல்: பழைய வாகனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதவு கிரீச்சிட்டால் கை முதலில் போவது ஒயில் போத்தலுக்குத்தான். ஏ9 வீதியை விட்டு இறங்கினால் கிறவலும் செம்மண் புழுதியும் என்றிருக்கிற வன்னியில் அதைவிடப் பிழையான வைத்தியம் இல்லை. என்ஜின் ஒயிலோ தேங்காய் எண்ணெயோ விட்ட பிணைச்சல் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருக்கும். அதற்குள் புழுதி ஒட்டி அரைக்கும் பசையாகி, பிணைச்சலின் நடு அச்சான ஊசியையும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷையும் தேய்க்கத் தொடங்கிவிடும். டபிள்யூ.டி-40 ஸ்ப்ரே மட்டும் அடிப்பதும் போதாது. கறளை இளக்கவும் அழுக்கைக் கரைக்கவும் அது நல்லது. ஆனால் உள்ளே மிஞ்சியிருந்த கிறீஸையும் கழுவிவிட்டு, தானும் கெதியில் காய்ந்துவிடும்.

முதலில் டபிள்யூ.டி-40 அடித்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, கதவைப் பத்துப் பதினைந்து தரம் ஆட்டுங்கள். வழிகிற கறுப்பு அழுக்கைத் துடைத்த பிறகு, ஊசியின் மேலும் கீழும் பயறளவு வெள்ளை லிதியம் கிறீஸ் போதும். திரும்பவும் ஆட்டி, வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். இரண்டு பிணைச்சலுக்கும் நடுவில், கதவைப் பாதியில் நிறுத்தி வைக்கும் இரும்புப் பட்டையைப் பலர் மறந்துவிடுவார்கள். திறக்கும்போது ‘டக்’ என்று கேட்டால் பெரும்பாலும் அதுதான்.

இவ்வளவும் திறந்து மூடும்போது வரும் சத்தத்துக்கு. ஓடும்போது கடகடவென்றால் பிணைச்சலில் எவ்வளவு கிறீஸ் பூசினாலும் பயனில்லை. கதவு வந்து மூடும் தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவுப் பூட்டு போய்க் கவ்வும் இரும்பு வளையத்தைப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் உறை தேய்ந்திருந்தால் இரும்பும் இரும்பும் அடிபடும். வளையத்தில் வயரிங் ரேப்பை (வயரில் சுற்றும் ஒட்டுப்பட்டி) இரண்டு சுற்றுச் சுற்றி, கிறவல் வீதியில் ஒருதரம் ஓடிப் பாருங்கள். சத்தம் நின்றால் பிழை அங்கேதான். ரேப் சோதனைக்கு மட்டும். பிறகு உறையை மாற்ற வேண்டும், அல்லது வளையத்தைச் சற்று உள்ளே தள்ள வேண்டும்.

தள்ளுவதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். பழைய ஜப்பான் வாகனங்களில் ஸ்ட்ரைக்கரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் பெரிய நட்சத்திர (பிலிப்ஸ்) ஆணிகள். அதற்கு மூன்றாம் நம்பர் திருப்புளி வேண்டும். சின்னதைப் போட்டு முறுக்கினால் ஆணியின் தலை மழுங்கி, வேலை வெல்டிங் வரை போய்விடும். இளக்க முன்னர் வளையத்தின் அடித்தகட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு தரத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் நகர்த்த வேண்டாம். கூடத் தள்ளினால் கதவை ஓங்கி அடித்துத்தான் மூட வேண்டிவரும். பூட்டுக்கும் கண்ணாடிக்கும் அது கேடு.

மூடும்போது கதவு வளையத்தில் ஏறி உயர்ந்தால் ஸ்ட்ரைக்கரைத் தொடவே கூடாது. கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். பாதி திறந்து, பூட்டுப் பக்க நுனியைப் பிடித்துத் தூக்குங்கள். பிணைச்சலில் மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் ஊசியோ புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. தொங்கிய கதவுக்கு ஏற்ப வளையத்தைக் கீழே இறக்குவது பலர் செய்யும் குறுக்குவழி. தேய்வு தொடர, சில மாதத்தில் திரும்பவும் இறக்க வேண்டிவரும். பழைய வாகனங்கள் பலவற்றில் ஊசி அடித்து இறுக்கியிருப்பதால் கையால் கழராது. லேத் பட்டறையில் பித்தளைப் புஷ் கடைந்து போடலாம், அல்லது பழைய பாகக் கடையில் ஆட்டமில்லாத பிணைச்சல் பார்த்து எடுக்கலாம். கழற்றும்போது கதவின் கீழே ஜக்கும் பலகையும் வைத்து, ஆளொருவர் பிடித்திருக்க, ஒரு நேரத்தில் ஒரு பிணைச்சலை மட்டும் கழற்றுங்கள்.

ஓடும்போது வரும் சத்தம் கண்ணாடியைப் பாதி இறக்கியதும் மாறினால், கண்ணாடி ஓடும் பள்ளத்தில் புழுதி இறுகியிருக்கும், அல்லது உள்ளே இருக்கும் துணிப்பட்டி தேய்ந்திருக்கும். மாறாவிட்டால் உள்பலகையைக் கழற்ற வேண்டும். திருப்புளியால் நெம்பினால் கிளிப் உடையும். அகலமான தட்டைக் கருவியைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். உள்ளே பூட்டுக் கம்பி தகரத்தில் தட்டும் இடத்தில் ஒரு துண்டு ஸ்பொஞ்ச் சுற்றினாலே போதும். அங்கே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள், மாரியில் தண்ணீர் காலடிக்கு வரும்.

கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கில் கிறீஸ் பூசினால் ரப்பர் ஊதி இளகிவிடும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, காய்ந்தபின் சிலிக்கோன் ஸ்ப்ரே அடியுங்கள்.

டொல்பின் என்று சொல்லப்படும் பழைய டொயோட்டா ஹையேஸ் வானின் தள்ளு கதவு வேறு கதை. தண்டவாளம் முழுக்கக் கிறீஸ் அப்புவது வழக்கம். அதுதான் புழுதியைப் பிடித்து உருளையை இறுக்குகிறது. தண்டவாளத்தை மண்ணெண்ணெய்த் துணியால் வெறுமையாகத் துடைத்து, உருளைகளை விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்றாமல் ஒரு பக்கம் தட்டையானதை மாற்றத்தான் வேண்டும்.

கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சலசலத்தால், அடி விளிம்பிலுள்ள வடிகால் ஓட்டைகள் அடைத்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு கம்பியால் குத்தி எடுங்கள். கறள் பிடித்து அடித்தகரம் பிரிந்த பிறகு வரும் கடகடப்புக்கு மலிவான வழி கிடையாது.