இராமநாதபுரம் கடற்கரையில் மகப்பேறு நிலையம்: பணியாளர் தேர்வும் தகுதியும்

தொண்டி முதல் சாயல்குடி வரையிலும், பாம்பனைத் தாண்டி இராமேசுவரம் வரையிலும் உள்ள கடலோர ஊர்களில் மகப்பேறு நிலையம் தொடங்க எண்ணுபவர், கட்டடத்தையும் கருவிகளையும் பற்றி யோசிப்பதற்கு முன், நள்ளிரவில் வலியோடு வரும் பெண்ணைப் பார்க்கத் தகுதியுள்ள எத்தனை பேர் அந்நேரம் பணியில் இருப்பார்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். மதுரையில் ஒரு நிலையத்தில் ஆள் குறைந்தால் பக்கத்துத் தெருவிலிருந்து அழைத்துக்கொள்ளலாம். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். இடையில் பாம்பன் பாலம். புயல் காலத்தில் அந்தப் பயணமே தடைபடக்கூடும்.

முதலில் நிலையத்தின் எல்லையை வரையறுங்கள். சுகப்பிரசவம் மட்டுமா, அறுவை சிகிச்சையும் உண்டா? அறுவை சிகிச்சை உண்டென்றால் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், குழந்தைகள் நல மருத்துவர் ஆகிய மூவரும் இரவு பகல் எந்நேரமும் வரக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். இரத்தத்துக்கும் உறுதியான ஏற்பாடு வேண்டும். இவற்றில் ஒன்று வாரத்தில் சில நாட்கள் மட்டுமே கிடைக்குமானால், அறுவை சிகிச்சையை ஏற்காமல் உரிய நேரத்தில் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவதே நேர்மையான முடிவு என்பது என் உறுதியான கருத்து. தனியார் நிலையமாயின் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின்படி, மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு பெற வேண்டும். ஸ்கேன் கருவி வைப்பதற்கு, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தனிப் பதிவு தேவை.

மருத்துவர்கள் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மகப்பேறு மருத்துவருக்கும் மயக்க மருந்து நிபுணருக்கும் அந்தந்தத் துறையில் மேற்பட்டமோ பட்டயமோ இருக்கிறதா என்பதை அசல் சான்றிதழில் பாருங்கள். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் பெண் மருத்துவரையே எதிர்பார்க்கும் குடும்பங்கள் பல உண்டு. அந்த விருப்பத்தை மதித்து ஆள் தேடுவது நிலையத்தின் கடமை.

செவிலியர் தேர்வில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பிரசவத்தின் பெரும்பகுதி நேரம் தாயின் அருகில் இருப்பவர் அவரே. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு, ஜி.என்.எம். (பொதுச் செவிலியமும் தாதியமும்) மூன்று ஆண்டுப் படிப்பு, ஏ.என்.எம். (துணைச் செவிலியமும் தாதியமும்) இரண்டு ஆண்டுப் படிப்பு. மூவரும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றிருப்பதோடு, பதிவு நடப்பில் உள்ளதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். குறுகியகாலச் சான்றிதழ்ப் பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளர், எவ்வளவு கைப்பழக்கம் உள்ளவராயினும், பிரசவ அறையின் பொறுப்பில் இருக்கக் கூடாது. அரசுத் திட்டத்தின் 21 நாள் பிரசவப் பயிற்சியும், பச்சிளங்குழந்தையை மூச்சுவிடச் செய்யும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

சான்றிதழோடு நின்றுவிடாமல் நேர்காணலில் செய்துகாட்டச் சொல்லுங்கள். பிரசவத்தின் முன்னேற்றத்தைக் கோட்டுப்படமாகக் குறிக்கும் பார்டோகிராஃப் தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். பிரசவம் தீவிரமடைந்தபின் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், குழந்தை வெளிவரும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை பிறந்தவுடன் உதிரப்போக்கைத் தடுக்கத் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் தசையில் போடுவது, வலிப்பு வந்தவரை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன் இரு புட்டங்களிலும் 5 கிராம் வீதம் மக்னீசியம் சல்பேட் போடுவது ஆகியவற்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் ஆம்பு பையால் (கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் பை) மூச்சுக் கொடுப்பதைப் பொம்மையில் செய்துகாட்டட்டும்.

இனி எண்ணிக்கை. பிறப்பின்போது தாய்க்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர் என இருவர் தேவை. ஆகவே ஒவ்வொரு ஷிப்டிலும் தகுதி பெற்ற இருவர் இருந்தாக வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால் ஓர் இடத்தை நிரப்ப மூன்றரை பேர், இரண்டு இடங்களுக்கு ஏழு பேர். விடுப்பையும் நோயையும் சேர்த்தால் எட்டு அல்லது ஒன்பது பேருக்குக் குறையாமல் அமர்த்த வேண்டும். ஆறு பேரை வைத்துச் சமாளிக்கும் நிலையத்தில் இரவு ஷிப்டில் ஒருவரே தனித்திருப்பார். பிறந்த குழந்தை அழாமலும் தாய்க்கு உதிரப்போக்கு நிற்காமலும் இருந்தால் அவர் யாரை முதலில் பார்ப்பார்? உள்ளூரிலோ அருகிலோ குடியிருக்கும் செவிலியரைத் தேடுங்கள். வெளியூரார் என்றால் நிலையத்துக்கு அருகில் தங்குமிடம் கொடுங்கள். கடைசிப் பேருந்தை நம்பி வருபவரைக் கொண்டு இரவுப் பணியை நடத்த இயலாது.

மருந்தாளுநரும் ஆய்வக நுட்பநரும் உரிய படிப்பும் பதிவும் உள்ளவர்களாக இருக்கட்டும். தூய்மைப் பணியாளர் உட்பட அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போடப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளும் அதையே கூறுகின்றன. கர்ப்பிணிக்கு அரசு வழங்கும் பிக்மி (PICME) எண்ணைப் பதிவு செய்து, பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்கும் பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது தாயுடன் செல்லும் செவிலியர் யார், அவர் திரும்பும்வரை பிரசவ அறையைப் பார்ப்பவர் யார் என்பதும் ஒவ்வொரு நாளின் பணிப்பட்டியலிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 108 வண்டி வந்து நின்றபின் அதைப் பேசிக்கொண்டிருக்க நேரம் இராது.