தேவனஹள்ளியில் இறங்கி மெஜஸ்டிக் போகாதீர்கள்

சேலத்தில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். ரயில், பஸ், விமானம் மூன்றும் உண்டு. டிக்கெட்டைக் கொடுத்துக் காசை வாங்கியதோடு என் வேலை முடிய வேண்டும், முடிவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் அலைபேசி அடித்தால், நான் எடுப்பதற்குள் வீட்டில் சொல்லிவிடுவார்கள்: “யாரோ இறங்கிவிட்டார்கள்.”

“அண்ணா, வெளியே வந்துவிட்டேன். ஊருக்குள் எதில் போவது?”

போன வாரம் இப்படிக் கேட்டவன் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரி ஒருவரின் மகன். டெல்லி போய்விட்டு முதல் தடவையாகத் தனியாகத் திரும்புகிறான், பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கியிருக்கிறான். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள், “பஸ் கிளம்புகிறது அண்ணா, மெஜஸ்டிக் என்று போட்டிருக்கிறது, ஏறிவிடுகிறேன்” என்று வைத்துவிட்டான். மெஜஸ்டிக் என்பது பெங்களூருவின் நடுவிலுள்ள பெரிய பஸ் நிலையம். எனக்கு வயிறு எரிந்தது. 2010-இல் நான் செய்த அதே காரியம்.

வாசலில் பெட்டியைப் பிடித்து இழுப்பவர்களிடம் ஏமாறாதீர்கள், கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. உழவர் சந்தையில் கத்தரிக்காய் வாங்கத் தெரிந்தவருக்கு அது தெரியும். விமானத்தை விட்டு இறங்கியபின் வழியைத் தேர்வதில் நாம் செய்கிற தவறுகள்தான் இங்கே பேச்சு.

‘ஊருக்குள்’ போக நினைப்பது

பெங்களூரு விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, தேவனஹள்ளிப் பக்கம், மெஜஸ்டிக்கிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் இருக்கிறது. சேலத்துக்கு வரும் சாலையோ தெற்கே, ஓசூர் வழியாக. இதில் வேடிக்கை என்னவென்றால், விமான நிலையத்தின் ஓரமாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-தான் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், ஓமலூர் வழியாக நம் ஊருக்கும் வருகிறது. ஒரே சாலை. நடுவில் பெங்களூரு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நமக்கு வேண்டியது அந்த நகரத்தைத் தாண்டுவது. நாமோ அதன் வயிற்றுக்குள் போய் இறங்குகிறோம்.

2008 மே மாதம் வரை இந்தத் தொல்லை இல்லை. விமானங்கள் பழைய எச்.ஏ.எல். நிலையத்தில் இறங்கின, அங்கிருந்து ஓசூர் சாலை அத்தனை தூரமில்லை. அந்தக் காலத்துப் பெரியவர்கள், “வெளியே வந்தால் பஸ் கிடைக்கும்” என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

2010-இல் ஒரு சக்கரம் கழன்ற பெட்டியோடு நான் மெஜஸ்டிக் பஸ்ஸில் ஏறினேன். பெரிய பஸ் நிலையம், சேலம் பஸ் இல்லாமலா போகும் என்று எண்ணம். ஹெப்பாள் மேம்பாலத்தருகே பஸ் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. மெஜஸ்டிக்கில் இறங்கியபோது மணி ஒன்பது. சேலம் பஸ் எங்கே என்று ஒரு நடத்துநரிடம் கேட்டேன். டீயை ஊதிக்கொண்டே என் பெட்டியைப் பார்த்தார். “தமிழ்நாட்டு பஸ்ஸா? சாந்தி நகருக்குப் போங்கள்.” கழன்ற சக்கரம் கறக் கறக் என்று தரையைக் கீற, பெட்டியைச் சாய்த்து இழுத்துக்கொண்டு ஆட்டோ தேடினேன். சாந்தி நகரில் பஸ் பிடித்து உட்கார்ந்து, அது ஊர்ந்து ஊர்ந்து ஓசூர் சாலையிலுள்ள சில்க் போர்டு சந்திப்பில் போய் நின்றபோது, பக்கத்தில் ஒரு விமான நிலைய பஸ் நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கி, பெட்டியோடு நேரே நான் இருந்த பஸ்ஸுக்குள் ஏறினார். எந்த விமானம் என்று கேட்டேன். எனக்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தரையிறங்கியவர்.

அவர் வந்தது எலெக்ட்ரானிக் சிட்டி போகும் பஸ். கேஐஏ-8 என்று எண் போட்டிருக்கும். வெளிவட்டச் சாலையில் மாரத்தஹள்ளிப் பக்கமாக வந்து சில்க் போர்டைத் தொட்டுப் போகிறது. மெஜஸ்டிக் போவது கேஐஏ-9. ஒரு எண் வித்தியாசத்தில் பாதி இரவு போய்விடுகிறது. ஏறும்போது நடத்துநரிடம் “சில்க் போர்டு” என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குள்ளும் ஒரு குழி இருக்கிறது. சில்க் போர்டு பக்கத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலச் சாலை உண்டு, 2010-இல் திறந்தது. வெளியூர் பஸ்கள் பலவும் அதன் மேலே ஏறிவிடும். ‘கொஞ்சம் தள்ளி இறங்கினால் கூட்டம் குறைவாக இருக்கும்’ என்று கணக்குப் போட்டுப் பாலத்துக்கு அடியில் நடுவில் எங்காவது இறங்கினால், சேலம் பஸ் தலைக்கு மேலே போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். என் கடைக்கு வரும் ஓர் ஆசிரியர் இதையும் செய்துவிட்டு வந்து என்னைத்தான் திட்டினார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்துவிட்டது. எனவே மெஜஸ்டிக்கில் மாட்டிக்கொண்டவர் பச்சை வழித்தடத்தில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி, ஓசூர் சாலைக்கு வந்துவிடலாம். கொலுசு வியாபாரி மகனையும் அப்படித்தான் வரவழைத்தேன். இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பை, படிகள். காலையில் கடைக்கு வந்து, “நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா” என்றான். தம்பி, நான் சொல்ல வாயெடுத்தபோது அலைபேசியை வைத்தது யார்?

ரயில் டிக்கெட் கையில் இருந்தால் கதை வேறு. மெஜஸ்டிக்குக்கு எதிரிலேயே கே.எஸ்.ஆர். ஸ்டேஷன். ஆனால் உங்கள் ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறதா? கோவை வந்தே பாரத் கன்டோன்மென்டிலிருந்து புறப்படுகிறது. வேறு சில ரயில்கள், 2022-இல் செயல்படத் தொடங்கிய பையப்பனஹள்ளி முனையத்திலிருந்து. ஸ்டேஷன் பெயரைப் பார்த்துவிட்டு வண்டி பிடியுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்த பிறகு பார்க்காதீர்கள்.

சென்னையில் அதே தவறு

இங்கே மெஜஸ்டிக்குக்குப் பெயர்தான் வேறு, கோயம்பேடு. மீனம்பாக்கத்தில் இறங்கியதும் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் வரும் பஸ்களுக்கு அங்கேதான் போக வேண்டும். கோயம்பேடு விமான நிலையத்துக்கு வடக்கே, கிளாம்பாக்கம் தெற்கே. வடக்கே போய் விசாரித்துவிட்டு, புறப்பட்ட விமான நிலையத்தையே மறுபடி ஜன்னல் வழியாகப் பார்த்தபடி தெற்கே வந்தவர்கள் என் வாடிக்கையாளர்களில் மட்டும் நான்கு பேர்.

எழும்பூர்–சேலம் இரவு ரயிலில் டிக்கெட் போட்டவர் எழும்பூர் போக வேண்டியதில்லை. அது தாம்பரத்தில் நிற்கும். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயிலில் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்தது தாம்பரம். ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று டிக்கெட்டிலேயே போடச் சொல்லுங்கள். சென்ட்ரலில் ரயில் என்றால் நீல வழித்தட மெட்ரோ, நேராக. ஆலந்தூரில் எல்லோரும் இறங்குகிறார்களே என்று நீங்களும் இறங்க வேண்டாம்.

தரையிறங்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது

பெட்டி வந்த பிறகுதான் கடிகாரம் தொடங்கும்.

மாமாவை அழைக்க வரச் சொல்வது

சொல்லாதீர்கள். அவரும் ஹெப்பாளில்தான் நின்றுகொண்டிருப்பார்.

கமலாபுரத்தில் இறங்கி சேலத்துக்குள் வருவது

2023 அக்டோபரில் நம் ஊர் விமான நிலையத்துக்கு மறுபடி விமானங்கள் வரத் தொடங்கியதும், வெளியூர்க்காரர்களும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நிலையம் இருப்பது ஓமலூர் பக்கம், கமலாபுரத்தில். மேட்டூருக்குப் போகிற ஒரு குடும்பம் வாடகைக் காரில் சேலம் புதிய பஸ் நிலையம் வந்து, மேட்டூர் பஸ் ஏறி, ஓமலூர் வழியாகத் திரும்பிப் போயிருக்கிறது. குழந்தை, “அப்பா, நாம் வந்த வழி” என்று கை காட்டியதாம். தருமபுரிக்குப் போகிறவரும் ஓமலூரிலேயே பஸ்ஸுக்கு நின்றால் போதும்.

ஏற்காட்டுக்குப் போகிறவர் மட்டும் சேலம் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். அவரும் பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு வண்டி தேட வேண்டாம். கோரிமேடு, அடிவாரம் வழியாக மேலே வரைக்கும் ஒரே வண்டியாகப் பேசிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஓட்டுநர் மலை ஏறிப் பழகியவரா என்று அடிவாரத்தில் கேட்டுப் பயனில்லை. கமலாபுரத்திலேயே கேளுங்கள்.