சர்வீஸ் சென்டர்ல நிஜமாவே இன்ஜின் டியூனிங் பண்ணாங்களா? நாமளே கண்டுபிடிக்கிற வழி

என் பழைய 150 சிசி வண்டிய ஒரு ஷோரூம் சர்வீஸ்ல விட்டு எடுத்தேன், பில்லுல டேப்பெட் (இன்ஜின் வால்வ தட்டித் திறக்கிற பார்ட்) அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு ஒரு லேபர், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பார்ட், சுருக்கமா கார்ப்) டியூனிங்குக்கு ஒரு லேபர், அது மேல 18% ஜிஎஸ்டி. வீட்டுக்கு வந்து குனிஞ்சு பாத்தா டேப்பெட் கவர் போல்ட் மேல காஞ்ச சேறு அப்படியே ஒட்டிட்டு இருக்கு. கவரையே கழட்டாம டேப்பெட் எப்படி வெச்சாங்கன்னு புரியல, அதோட வாட்டர் வாஷும் பேருக்குத்தான் பண்ணிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் பண்ற வேலைகள வரிசையா எழுதுறேன், மெக்கானிக் வேலை தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல.

ஸ்டெப் 1: உங்க வண்டி கார்ப்பா எஃப்ஐயா

2020 ஏப்ரல் 1ல பிஎஸ்6 புகை விதி வந்ததுல இருந்து கிட்டத்தட்ட எல்லாமே ஃப்யூல் இன்ஜெக்ஷன் (எஃப்ஐ)தான், டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட மாறிடுச்சு. இதுல பெட்ரோல் காத்து கலவைய இசியுன்னு வண்டிக்குள்ள இருக்கற குட்டி கம்ப்யூட்டர் பாத்துக்கும், பழைய மாதிரி ஸ்க்ரூ திருப்பி மைலேஜ் செட் பண்ற வேலையே கிடையாது. ஸ்கேனர் போட்டு எரர் கோட் பாக்குறது, த்ராட்டில் பாடி கிளீனிங், ஏர் ஃபில்டர், பிளக், இவ்ளோதான் அங்க டியூனிங். அதனால எஃப்ஐ வண்டி பில்லுல கார்ப் டியூனிங்னு வரி வந்தா அங்கயே நின்னு கேளுங்க. அதே மாதிரி ராயல் என்ஃபீல்டோட பழைய யுசிஇ இன்ஜின் கிளாசிக் 350ல ஹைட்ராலிக் டேப்பெட், தானாவே அளவ சரி பண்ணிக்கும், அதுக்கு அட்ஜஸ்ட்மென்ட்டே இல்ல.

ஸ்டெப் 2: வண்டிய விடறதுக்கு முந்தின நாள் ராத்திரி

அக்காவோட நெயில் பாலிஷ் எடுத்து டேப்பெட் கவர் போல்ட், ஏர் ஃபில்டர் பாக்ஸ் ஸ்க்ரூ ரெண்டுலயும் போல்ட்டையும் பக்கத்து மெட்டலையும் சேத்து சின்னதா ஒரு கோடு போடுங்க, காஞ்சதும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. போல்ட்ட திருப்பினா அந்த கோடு உடைஞ்சிடும், அவ்ளோதான் டெக்னாலஜி. கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் அளவு ரெண்டையும் கூட ஒரு போட்டோ.

ஸ்டெப் 3: எப்ப விடணும்

இத யாரும் சொல்ல மாட்டாங்க. டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய இன்ஜின் முழுசா ஆறினதுக்கு அப்புறம்தான் பாக்கணும், ஏன்னா சூட்டுல மெட்டல் விரிஞ்சு அளவு மாறிடும். காலைல 9 மணிக்கு நீங்க 15 கிலோமீட்டர் ஓட்டிட்டு போய் விட்டு, ஒன்பதரைக்கு அவங்க டேப்பெட் வெச்சா அந்த அளவு தப்பு. முடிஞ்சா முந்தின நாள் சாயங்காலமே விட்டுடுங்க, இல்லன்னா "டேப்பெட் மதியத்துக்கு மேல பாருங்க, ஆறட்டும்"னு ஜாப் கார்டுலயே (என்ன வேலைன்னு எழுதுற சீட்டு) எழுத சொல்லுங்க, அப்படி சொன்னதும் சர்வீஸ் அட்வைசர் உங்கள நிமிர்ந்து ஒரு தடவ பாப்பார்.

ஜாப் கார்டுல "ஜெனரல் செக்கப்"னு மட்டும் எழுத விடாதீங்க. "காலைல ஸ்டார்ட் பண்ணா ரெண்டு தடவ ஆஃப் ஆகுது", "மூணாவது கியர்ல இழுக்கல", இப்படி பிரச்சனைய எழுத வைங்க. கழட்டின பார்ட்ஸ் வேணும்னும் எழுதுங்க. இன்ஜின் ஃப்ளஷ், டெஃப்லான் கோட்டிங்னு ஆரம்பிச்சா வேணாம்னு சொல்லிடலாம், ஒண்ணும் ஆகாது.

ஸ்டெப் 4: டெலிவரி எடுக்கும்போது

பணம் கட்டறதுக்கு முன்னாடி நெயில் பாலிஷ் கோட்ட பாருங்க. பழைய பிளக் குடுத்தா நுனிய பாருங்க, லேசான பழுப்பு கலர்னா எரியிறது நல்லா இருக்கு, கரி மாதிரி கருப்புன்னா பெட்ரோல் அதிகம், வெள்ளையா இருந்தா காத்து அதிகம். ஆயில் லெவல் சென்டர் ஸ்டாண்ட் போட்டு பாக்கணும், சைடு ஸ்டாண்ட்ல தப்பா காட்டும்.

அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டி இன்ஜின சூடாக்கிட்டு நியூட்ரல்ல நிக்க விடுங்க. நிறைய 100, 150 சிசி வண்டிக்கு ஐடிலிங் 1400 ஆர்பிஎம் பக்கம் இருக்கும், சரியான அளவு மேனுவல்ல இருக்கு. கார்ப் செட்டிங் சரியா வராதப்போ ஆஃப் ஆகாம இருக்கறதுக்கு ஐடில் ஸ்க்ரூவ தூக்கி விட்டு அனுப்புறது ரொம்ப பழைய வித்தை, ஷோரூம் வாசல்ல ஜம்முனு நிக்கும், மைலேஜ் போயிடும். ஆக்சிலரேட்டர் முறுக்கி விட்டா சத்தம் சட்டுன்னு இறங்கணும், மெதுவா இறங்கினா எங்கயோ காத்து உள்ள போகுது இல்ல கலவை சரியில்ல. ஹேண்டில இடது வலது முழுசா திருப்பி பாருங்க, அப்ப ரேஸ் ஏறினா கேபிள் இழுத்துட்டு இருக்கு.

இப்ப முக்கியமான ஒண்ணு. இன்ஜின் சத்தமே இல்லாம வந்தா நாம சந்தோஷப்படுறோம்ல, அது மெக்கானிக்குக்கும் தெரியும். டேப்பெட்ட அளவுக்கு மேல டைட் வெச்சா டிக் டிக் சத்தம் போயிடும், ஆனா வால்வ் முழுசா மூடாது, சூடானதும் ஸ்டார்ட்டிங் டிரபிள், இழுவை கம்மி, அப்படியே ஓட்டினா எக்ஸாஸ்ட் வால்வ் கருகி ஹெட் வேலை வரைக்கும் போகும். லேசா ஒரு தையல் மெஷின் சத்தம் இருந்தா தப்பில்ல. ஃபீலர் கேஜ் (இடைவெளிய அளக்குற மெல்லிசான தகடு) வெச்சு பாத்தீங்களா, எத்தன மி.மீ வெச்சீங்கன்னு கேளுங்க. "கைப்பழக்கம் சார்"னு பதில் வந்தா உங்களுக்கே புரிஞ்சிடும்.

ஸ்டெப் 5: அடுத்த ஒரு வாரம்

டேங்க் ஃபுல் பண்ணி, 150 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்குல திரும்ப ஃபுல் பண்ணி வகுத்து பாருங்க, மீட்டர்ல காட்டுற மைலேஜ நம்பாதீங்க. ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் குறைஞ்சதுக்கு மெக்கானிக்க திட்ட வேணாம், இப்ப பெட்ரோல்ல 20% எத்தனால் இருக்கு, எத்தனால்ல லிட்டருக்கு எனர்ஜி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி. கார்ப் வண்டின்னா சர்வீஸுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு தடவ எமிஷன் டெஸ்ட் எடுத்து சிஓ (கார்பன் மோனாக்சைடு) அளவ ஒப்பிடலாம், பெட்ரோல் அதிகமா போனா அது ஏறி இருக்கும்.

சரியில்லன்னா ஒரு வாரத்துக்குள்ள போய் அட்வைசர விட்டுட்டு ஃப்ளோர் சூப்பர்வைசர பாருங்க, போட்டோவ காட்டுங்க, சத்தம் போட வேணாம். கம்பெனில இருந்து ஃபீட்பேக் கால் வரும், அதுக்கு முன்னாடியே "சார் ஃபுல் மார்க் குடுத்துடுங்க"ன்னு அட்வைசரும் கூப்பிடுவார். எனக்கு அந்த ஃபோன் வந்தப்போ "டேப்பெட் கவர் கழட்டினதும் குடுக்கிறேன்"னு சொன்னேன், மறுநாள் மதியம் என் கண்ணு முன்னாடியே கழட்டினாங்க, லேபர் வாங்கல.