"அடுத்த ஞாயிறு வர்றோம்மா": வீடு சந்திப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் சபையின் அவுட்ரீச்சுக்காக, அதாவது வீடு வீடாகப் போய் இயேசுவைப் பற்றிப் பேசி ஜெபிக்கும் வீடு சந்திப்புக்காக, சனிக்கிழமை காலை கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினம் போன குழுவோடு நானும் போனேன். பேசுவதற்காகப் போகவில்லை. வண்டி ஓட்டவும் தண்ணீர் கேன் தூக்கவும் போனேன். பதினெட்டு வருஷம் வீடு சந்திப்புக்குப் போனவனுக்கு இப்போது அதுதான் வேலை, வருத்தமில்லை. ஓரமாக நின்று பார்த்தால் நிறையத் தெரிகிறது. நான் 2007-ல் அடித்த அதே கூத்துகளை இந்தப் பிள்ளைகள் புது டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வரிசை மாறாமல் அடிக்கிறார்கள்.

ஜெபித்துவிட்டுப் போங்கள், இரண்டிரண்டு பேராகப் போங்கள், வாக்குவாதம் வேண்டாம் என்பதையெல்லாம் போதகரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

பாவி

சபைக்குள் "நாம் எல்லாரும் பாவிகள்" என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தெருவில் அது வசவு. மீன் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் நம் தம்பி ஒருவன் எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, நீங்களும் ஒரு பாவிதான்" என்றான். கூடை இறங்கியது. "யாருடா பாவி? உன் குடியை நானா கெடுத்தேன்?" அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எங்களுக்கு வேலை இல்லாமல் போனது.

நம் கையில் இருக்கும் வேதாகமத் தமிழ் 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் தமிழ். அதிலேயே வளர்ந்ததால் இரட்சிப்பு, கிருபை, ஸ்தோத்திரம் எல்லாம் நமக்கு வீட்டுப் பேச்சு. கேட்கிறவருக்கு அப்படியா? "நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டதற்கு, "எதுலேர்ந்து?" என்று திருப்பிக் கேட்டார். "காப்பாற்றப்பட்டீங்களான்னு கேக்குறான் தாத்தா" என்று பக்கத்து வீட்டுப் பெண் விளக்கினாள். அவர் கடலைப் பார்த்தார். "நான் தப்பிச்சேன். அவ போயிட்டா" என்றார். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கரை அது. எங்கள் தம்பிக்கு அப்போது இரண்டு வயதுகூட இருக்காது.

அப்பரோடு மோதுவது

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போனால், அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டதும் அவர் மிதந்து வந்து கரையேறியதும் யாராவது ஒருவர் வாயிலிருந்து கட்டாயம் வரும். கரையேறவிட்ட குப்பம் என்று ஊரே இருக்கிறது. அதைக் கேட்டு ஒரு வாலிபன், "அதெல்லாம் கதைங்க ஐயா" என்று சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே அந்த ஐயா கேட்டார்: "உங்க ஏசு கடல் மேல நடந்தாருல்ல தம்பி, அது?"

கடலூருக்கு 1737-லேயே மிஷனரிகள் வந்துவிட்டார்கள் என்று நாம் பெருமையடித்துக்கொள்கிறோம். அப்பர் ஏழாம் நூற்றாண்டுக்காரர். அவர் கதையை முழுசாகக் கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு, "உன் கதை என்ன?" என்று அவர்களே கேட்பார்கள். பாதி நேரம் கேட்காமலும் போகலாம், சரி.

தண்ணீர்

வெயிலில் போன பிள்ளைகளுக்கு வீட்டுக்காரம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவருவார். "பரவால்லம்மா, இருக்கு" என்று பையிலிருந்து பாட்டிலை எடுக்கிறார்கள். சுத்தம் பார்த்துத்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் காலனியில் ஒரு வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாக்கோபின் கிணற்றில் இயேசு முதலில் கேட்டதே தண்ணீர்தான், அதுவும் யூதர்கள் புழங்காத சமாரியப் பெண்ணிடம். இந்தப் பகுதியை வைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுகிற நாம்தான் பாட்டிலைத் திறக்கிறோம்.

"அடுத்த ஞாயிறு வர்றோம்மா"

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது "போறேன்" என்று நாம் சொல்வதில்லை. "போயிட்டு வர்றேன்", அல்லது வெறும் "வர்றேன்". அது விடைபெறும் பேச்சு, அதை நம்பி யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதோடு ஒரு கிழமையைச் சேர்த்துவிட்டால் வாக்கு. இந்த வித்தியாசம் நம் பிள்ளைகள் காதில் விழுவதே இல்லை. நல்லபடியாகப் பேசி முடித்த சந்தோஷத்தில், "கண்டிப்பா அடுத்த ஞாயிறு வர்றோம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

நானும் சொன்னேன். ஒரு குப்பத்தில், பக்கவாதம் வந்து நைலான் கட்டிலில் கிடந்தார் அந்த வீட்டுக்காரர். அவர் பெயரையும் "இடது கை, இடது கால்" என்பதையும் ஜெபக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஜெபம் முடிந்து எழுந்தபோது, அடுத்த ஞாயிறு சாயங்காலம் வருவதாகச் சொன்னேன். அந்த அம்மா கேட்டார், "நாலு மணிக்கா, அஞ்சு மணிக்கா தம்பி?" அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நாலரை" என்றேன்.

அந்த ஞாயிறு நெய்வேலியில் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். அடுத்த ஞாயிறு வேறு ஏதோ. அப்புறம் போகவே கூச்சமாகிவிட்டது. நான்கு மாதம் கழித்து, மழைக்காலம் தொடங்கிய பிறகு போனேன். அந்த அம்மா திட்டவில்லை. "அன்னிக்கு அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, திண்ணையில சாச்சு உக்கார வெச்சிருந்தேன். இருட்டுற வரைக்கும் உள்ள வர மாட்டேன்னுட்டாரு" என்றார். கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். அந்த அம்மா டீ கொடுப்பார். வீட்டுக்காரர் கடைசி வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நோட்டும் ஒரு வம்பு. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நோட்டோடு வந்து பெயர் எழுதாத ஆள் இல்லை. வீட்டுக்கு, படகுக்கு, வலைக்கு, கடனுக்கு. நோட்டில் பெயர் ஏறினால் ஏதோ வரப்போகிறது என்றுதான் இங்கே அர்த்தம். நீங்கள் ஜெபக் குறிப்பு எழுதுவதாக நினைப்பீர்கள், எதிரில் இருப்பவர் மனதில் ஒரு கணக்கு ஓடும். பெயரை மனதில் வையுங்கள், எழுதுவதானால் தெருமுனைக்கு வந்து எழுதுங்கள். நீங்கள் தவறவிட்ட ஞாயிறு உங்கள் சபைக்கு மட்டும் கெட்ட பெயர் இல்லை. அடுத்து வரும் வேறு சபைக்காரரையும், "நீங்களும் சொல்லிட்டுப் போவீங்க, அவ்வளவுதானே" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் நின்றிருக்கிறேன்.

ஒரு குழு ஒரு நாளில் ஐந்து வீட்டுக்கு மேல் போக வேண்டாம் என்று இதனால்தான் சண்டை போடுகிறேன். நாற்பது வீடு பார்த்தோம் என்று ஞாயிறு மாலை மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். அந்த நாற்பது வீட்டுக்கும் மறுபடி போவது யார்? கிளம்புவதற்கு முன்பே ஆளைப் பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். ஊரில் இருக்கப்போகிறவர் மட்டும் "வருகிறேன்" என்று சொல்லட்டும். சென்னையிலிருந்து வந்த விருந்தாளித் தொண்டர்கள், "நாங்க இன்னிக்கு மட்டும்தாம்மா" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

போன மாதமும் நடந்தது. கண்ணாடி போட்ட ஒரு பையன், நல்ல பையன், என் காதுபட "அடுத்த ஞாயிறு" என்றான். அவனுக்கு மறுநாள் ராத்திரியே பஸ். எனக்கு வந்த எரிச்சலில் தண்ணீர் கேனை வண்டியில் போட்ட சத்தத்துக்கு எல்லாரும் திரும்பினார்கள். அந்த ஞாயிறு அவனுக்குப் பதிலாக நான் போனேன். வீட்டுக்காரம்மா என் பின்னால் எட்டிப் பார்த்து, "கண்ணாடி போட்ட தம்பி வரலையா?" என்றார்.

மாத்திரை

சுகர் மாத்திரையோ பிபி மாத்திரையோ, எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஜெபித்து முடித்ததும் "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்று கேளுங்கள்.

போட்டோ

வேண்டாம்.

அரிசி

உதவி ஒரு நாள், கைப்பிரதி (நம் துண்டுப் பிரசுரம்) இன்னொரு நாள். இரண்டும் ஒரே பையில் போகக் கூடாது.

25-ஆம் பிரிவு

மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று பிரிவு எண் சொல்லி வாதாடிய தம்பியைப் பார்த்திருக்கிறேன். கேட்டைச் சாத்தினால் சாத்தியதுதான், கிளம்புங்கள்.

மே மாதம்

பள்ளி, கல்லூரி லீவு என்று மே மாதத்தில் தேதி குறிக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள் என்பது கணக்கு. இருப்பார்கள்தான், கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில் போய்க் காணிக்கையைப் பற்றிப் பேசாதீர்கள்.